ஆபீசருக்கு வைத்த சுடுதண்ணீர்

எங்கள் போர்வெல் தண்ணீர் பச்சையாக இருக்கும்வரை பரம சாது. அடுப்பில் ஏற்றினால்தான் அதன் குணம் தெரியும். பிளீச்சிங் பவுடரும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி ஒரு நாற்றம் வீடெல்லாம் நிறையும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒரு பட்டறைக்குப் பின்னால் எங்கள் தெரு. பட்டறைக் கழிவெல்லாம் எங்கள் மண்ணில்தான் இறங்குகிறது. ஊரார் புண்ணுக்கெல்லாம் அங்கேதான் துணி தயாராகிறது.

என் மகள் கல்பனா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிறந்து இருபது நாளான பிள்ளைக்கு உடம்பெல்லாம் கொப்புளம். குளிப்பாட்டுகிற தண்ணீரை மாற்றச் சொன்னார் டாக்டர். எங்கே போய் மாற்ற? கேன் தண்ணீர் குடிக்கவே காணாது. தண்ணீர் கெட்டது என்று அரசாங்கம் எழுதித் தந்தால்தான் தெருவுக்குக் குழாய் வரும். ஆறு மனு போட்டு, செருப்புத் தேய நடந்து, கடைசியில் ஒரு ஆபீசர் வந்தார்.

மோட்டார் பக்கம் நின்று தண்ணீரைக் கையில் ஏந்தி மோந்தார். "வாசம் ஒண்ணும் இல்லையே?"

"சுட வச்சாத்தான் சார் வரும்." சிரிப்பார் என்று பயந்துகொண்டே சொன்னேன்.

சிரிக்கவில்லை. "வரும்தான். தண்ணியில கரைஞ்சு கெடக்குறது சூடு பட்டா ஆவியோட கெளம்பி மூக்குக்கு வந்துரும். பச்சைத் தண்ணியில அடங்கிக் கெடக்கும். கொஞ்சம் சுட வச்சுக் கொண்டாரச் சொல்லுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படித்த மனுஷன்! வீட்டைப் பார்த்துக் கத்தினேன். "ஏட்டி வெள்ளத்தாயி, சாருக்குச் சுடுதண்ணி கொண்டா!"

என் மனைவி சேலையைத் திருத்திக்கொண்டு, பளபளவென்று விளக்கிய செம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆபீசர் ஆவியில் மூக்கை வைத்தார். மறுபடி வைத்தார். என்னிடம் நீட்டினார். ஒரு நாற்றமும் இல்லை. என் மூக்குதான் செத்துவிட்டதோ என்று திகைத்து நின்றேன். அவர் ஆற்றிக் குடித்தே பார்த்துவிட்டார். "சூட்டிலும் வாசம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். கை தானாகப் போட்டுவிட்டது. ஜீப் போய்விட்டது.

அடுப்படிக்குப் போனேன். "ஏட்டி, எந்தத் தண்ணிய வச்ச?"

"கேன் தண்ணி. வந்தவியளுக்கு நம்ம நாத்தத் தண்ணியவா குடுப்பாக?"

பைக்கை எடுத்து விரட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபீஸ் வாசலில் அவரைப் பிடித்தேன். கேன் தண்ணீர் கதையைச் சொன்னேன். நிதானமாகத்தான் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா தண்ணி குடுத்தது உங்க வீட்டம்மா, கையெழுத்து உங்களுது. இப்ப மாத்தி எழுதினா பட்டறைக்காரன் என்னையச் சும்மா விடுவானா? இனி ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அடுத்த சோதனை."

வெள்ளத்தாயை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் திரும்பினேன். ஆனால் வந்தவருக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்க எனக்கும் மனசு வந்திருக்காது.

வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆபீசர் என்ன சொன்னாவ?"

"தண்ணி நல்லாருந்துச்சாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நமக்குக் குழா போட்டுருவாவல்ல?"