சாட்சியின் வீடு

பொள்ளாச்சி தாண்டி, தென்னந்தோப்பு நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும் சூசைமேரி முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். போன மாதம் வரை மேயர். ராஜினாமா செய்த மறுநாளே கணவன் ஜெரால்டை லஞ்ச வழக்கில் கைது செய்தார்கள். அடுத்தது அவள்தான் என்று எல்லாச் செய்தியிலும் சொன்னார்கள். அன்றிலிருந்து போத்தனூரில் தங்கை வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் விளக்கை அணைக்கிறாள். பால்காரர் மணியடித்தாலும் எழுந்துபோய்க் குளியலறையில் தாழிட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ஒப்பந்ததாரர்கள் கொடுத்த பணப் பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது டிரைவர் தம்பிதுரை. எல்லாவற்றையும் ஜெரால்டிடம்தான் கொடுத்தேன் என்று அவன் போலீஸில் சொல்லிவிட்டால் போதும், அவள் தப்பிக்கலாம். பல பைகளை அவளே வாங்கி பீரோவில் வைத்திருந்தாள். அது அவனுக்கும் தெரியும்.

தம்பிதுரை வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி காளியாத்தாள், முக்காடு விலகியதும் அடையாளம் கண்டுகொண்டாள். ஈரத்துணி கையிலிருந்து மண்ணில் விழுந்தது. ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவர ஒண்ணும் செஞ்சுபோடாதீங்க. புள்ளைக இருக்குதுங்க."

சூசைமேரி திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாருமில்லை.

தம்பிதுரை வெளியே வந்தான். வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டான். ஆனால் படி இறங்கவில்லை.

"சொல்லிப்போட்டனுங்கம்மா. முந்தாநேத்தே."

"எல்லாத்தையுமா?"

"உங்க கையில குடுத்ததையுந்தானுங்க."

அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். கெஞ்சுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்களுக்கு இனி வேலை இல்லை. காளியாத்தாள் ஒரு சொம்புத் தண்ணீரை எட்டத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

"நான் ஒண்ணும் செய்ய வரல, தம்பிதுரை."

"செரிங்கம்மா" என்றான். நம்பினானா என்று தெரியவில்லை. "இங்க இருக்காதீங்க. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுல உட்டுட்டு வாரேன்."

வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்தவளுக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பொள்ளாச்சியில் போத்தனூர் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தம்பிதுரை போகவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு, எதிரே தேங்காய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று யாரிடமோ செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். கண் அவளைவிட்டு நகரவில்லை.

பேருந்து நிறைந்துவிட்டது. டிரைவர் இருக்கை மட்டும் இன்னும் காலியாகவே இருந்தது.