திறக்காத ஆயிரத்து இருநூறு பேர்

கூலிங்காரரின் கடைச் சுவரில் ஒரு மரப்பலகை இருந்தது. அதில் இருபத்து மூன்று கொக்கிகள், கொக்கிக்கு ஒரு சாவி. எல்லாமே வாடிக்கையாளர்களின் வீட்டுச் சாவிகள்.

ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவருக்கு எதற்கு ஊரார் வீட்டுச் சாவி? விஷயம் எளிது. ஃப்ரிட்ஜ் தன் இஷ்டத்துக்குக் கெட்டுப்போகும். வீட்டுக்காரர்கள் அந்த நேரம் பார்த்து வேலைக்குப் போயிருப்பார்கள். பல வருஷங்களுக்கு முன்னால் ஒருவர் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். சாயங்காலம் திரும்ப வந்தவர், "இருக்கட்டும், அடுத்த தடவைக்கு ஆகும்" என்று விட்டுவிட்டுப் போனார். அப்படித்தான் பலகை நிரம்பியது. சாவியில் கட்டிய அட்டையில் பெயர் இருக்காது, விலாசம் இருக்காது. அந்த வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் எண்ணில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் இருக்கும். கடைக்குள் திருடனே புகுந்தாலும் எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்று தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது. அது கூலிங்காரரின் தலைக்குள் மட்டும் இருந்தது. இந்த ஏற்பாட்டில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்த கையோடு நர்ஸ் வந்தாள். பத்து வருஷ வாடிக்கை. படுத்த படுக்கையான அம்மாவை வீட்டில் வைத்துக்கொண்டு ஷிப்டுக்கு ஓடுகிறவள். அம்மாவின் ஊசி மருந்துகள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். அது நின்றால் கூலிங்காரர் ஓடுவார். சாவி போட்டுத் திறந்ததும் உள்ளறையிலிருந்து அந்தம்மா, "யாரது, கூலிங்கா? செருப்பை வெளியே விட்டுட்டு வா" என்பார். தினம் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி.

"அண்ணே, அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்றாள் நர்ஸ்.

"ஏம்மா, உன் சாவி தொலைஞ்சு போச்சா?"

"இல்லைண்ணே." அவள் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க. கோச்சுக்காதீங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் தன் போனை எடுத்து நீட்டினாள். அவருடைய கடைப் பெயரில் காலையில் வந்த மின்னஞ்சல். இன்னும் திறக்கப்படாமல் தலைப்பு மட்டும் தெரிந்தது.

*இருபது வருஷமாக உங்கள் வீட்டுக்குள் வந்து உங்களை ஏமாற்றினேன்: ஒரு மெக்கானிக்கின் வாக்குமூலம்.*

அவர் அதை மூன்று முறை படித்தார். கடிதம் அவர் எழுதியதுதான். மாதம் ஒன்று எழுதுவார். ஐஸ் ஏன் கட்டுகிறது, கதவு ரப்பர் ஏன் பிளக்கிறது என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போல விவரமாக எழுதி மச்சினனிடம் கொடுப்பார். மனைவியின் தம்பியான அவனுக்கு இணையத்தில் விளம்பரம் செய்வதுதான் வேலை. கடையின் வாடிக்கையாளர்கள் இரண்டாயிரத்து நானூறு பேருக்கும் அவன் அனுப்பிவைப்பான். இந்த மாதக் கடிதத்துக்கு அவர் வைத்த தலைப்பு 'ஃப்ரிட்ஜின் முதுகைத் துடைப்பது எப்படி'.

"இந்தத் தலைப்பு நான் வைக்கலைம்மா. உள்ளே படிச்சியா நீ?"

"இல்லைண்ணே. போன் அம்மாகிட்ட இருந்துச்சு. அவங்கதான் சத்தமா படிச்சாங்க. உள்ளே பாப்போம்மான்னேன். வேண்டாம், அவர் என்னென்ன பண்ணாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம்னுட்டாங்க."

அவர் மேஜையிலிருந்த தன் கைப்பிரதியை எடுத்து அவள் கையில் திணித்தார். அவள் நின்றபடியே படித்தாள். *கூலிங் இல்லை என்று கூப்பிடும் வீடுகளில் பாதியில் நான் செய்வது ஒன்றுதான்: பின்பக்கக் கறுப்புக் கம்பிகளில் அடைந்த தூசியைப் பிரஷ்ஷால் துடைப்பது. அதை நீங்களே செய்யலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு...* படித்து முடித்ததும் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

"இவ்வளவுதானா! நல்ல விஷயம்தானே சொல்லியிருக்கீங்க."

"அதைத்தாம்மா சொல்றேன்."

"எனக்குப் புரியுதுண்ணே." சிரிப்பு அப்படியே வற்றியது. "ஆனா நான் வேலைக்குப் போனப்புறம் தனியா கிடக்கிறது அவங்க. கதவுல சாவி திரும்புற சத்தம் கேட்டா இனிமே அவங்களுக்குப் பக்குனு இருக்கும். நான் என்ன சொல்லிப் புரியவைக்க? அடுத்த தடவை நான் இருக்கும்போது வாங்க."

அவர் 4471 என்ற அட்டையோடு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். பிறகு அட்டையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் மச்சினன் வந்தான். தன்னிடம் உள்ள சாவியால் பின்கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தான். முகமெல்லாம் பல்.

"மாமா! எத்தனை கால் வந்துச்சு சொல்லுங்க?"

"முப்பத்தொண்ணு."

"போன கடிதத்துக்கு?"

"நாலு."

"அப்புறம் என்ன மாமா, மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? கம்ப்ரஸர் செத்த மாதிரி!"

கூலிங்காரருக்குக் கோபம் தொண்டை வரை வந்திருந்தது. ஆனால் அவரிடம் ஒரு பலவீனம். எதுவானாலும் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதன்மேல் அவரால் கோபப்பட முடியாது. "முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லு மாப்ளே" என்றார்.

அவன் மடிக்கணினியைத் திறந்து உற்சாகமாகச் சொன்னான். ஒரே கடிதம், இரண்டு தலைப்பு. இருநூற்று நாற்பது பேருக்கு அவர் வைத்த தலைப்பு போகும்; வேறு இருநூற்று நாற்பது பேருக்கு இவன் வைத்தது. ஒரு மணி நேரம் காத்திருந்து, எதை அதிகம் பேர் திறந்தார்கள் என்று இயந்திரமே எண்ணும். ஜெயித்த தலைப்பை மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது பேருக்கும் அதுவே அனுப்பிவிடும். அவருடையதை இருபத்தேழு பேர் திறந்தார்கள். இவனுடையதை நூற்றெட்டு பேர்.

"பொய் ஒண்ணும் இல்லையே மாமா. பாதி வீட்டுல தூசிதான் துடைக்கிறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வந்து போனதுக்குக் காசு வாங்குனீங்கதானே? நான் கொஞ்சம் காரம் சேர்த்தேன், அவ்வளவுதான்."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அதில் ஒரு துளி உண்மை இருந்தது. அந்தத் துளி உறுத்தியதால்தான் அவர் இந்தக் கடிதத்தையே எழுதினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே! ரெண்டு வாரம் முன்னாடி, ஞாயித்துக்கிழமை, சாப்பிடும்போது. ஒரு பல் டாக்டர், 'இருபது வருஷமா உங்களை ஏமாத்தினேன்'ன்னு எழுதுறார். இன்னொருத்தர், 'பல் தேய்ப்பது எப்படி'ன்னு எழுதுறார். எதைத் தொடுவீங்கன்னு போன்ல காட்டிக் கேட்டேன்ல? நீங்க என்ன சொன்னீங்க?"

கூலிங்காரருக்கு நினைவு வந்தது. 'அந்த ஆளு என்ன ஏமாத்தினான்னு தெரியணும்ல!' என்று சொல்லி, முதல் தலைப்பைத் தன் விரலாலேயே தொட்டுக் காட்டியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அன்று அது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

"உன் அக்காவுக்கும் தெரியுமா?"

"அவதான் சொன்னா மாமா. அவர்கிட்ட நேரா கேட்டா வேண்டாம்பார், கால் வந்து குவிஞ்சதும் வாயடைச்சுப்போவார்னு."

அவர் திரையைக் காட்டிக் கேட்டார்:

"உன் தலைப்பு மொத்தம் எத்தனை பேருக்குப் போச்சு?"

"ரெண்டாயிரத்து நூத்தி அறுபது. தொள்ளாயிரத்து அறுபது பேர் திறந்திருக்காங்க. இந்தத் தொழில்ல இது பேய் நம்பர் மாமா!"

"மீதி ஆயிரத்து இருநூறு பேர்?"

"அவங்க திறக்கலை. கணக்குல வரமாட்டாங்க."

"திறக்கலை, சரி. ஆனா தலைப்பைப் படிச்சிருப்பாங்கல்ல?"

கூலிங்காரர் எழுந்துபோய், மூலையில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜின் முதுகில் கை வைத்தார்.

"மாப்ளே, ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குறதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்னாடி கொட்டுது. முன்னாடி கதவைத் திறந்து பார்க்கிறவனுக்கு ஜில்லுனு இருக்கும். பின்னாடி கை வச்சாத்தான் தெரியும் எவ்வளவு சூடுன்னு. உன் மிஷின் முன்பக்கத்தை மட்டும் எண்ணுது. நான் உங்களை ஏமாத்தினேன்னு என் பேர்ல படிச்சுட்டு, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமலே போனை ஓரமா வச்ச ஆயிரத்து இருநூறு பேர் பின்பக்கம் இருக்காங்க. நர்ஸு வந்து சாவியை வாங்கிட்டுப் போயிட்டாங்க. இன்னும் ரெண்டு பேர் போன் பண்ணிச் சாவி கேட்டாங்க."

"முப்பத்தொரு கால் வந்திருக்கு. மூணு சாவிதானே மாமா போச்சு?"

'தானே' என்றதைக் கேட்டுக் கூலிங்காரர் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொருத்தர் பேருக்கும் நேராக யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்று இதில் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியும் என்று மச்சினன் பட்டியலைக் காட்டினான். பேருக்கு ஒரு வரிசை, மாதத்துக்கு ஒரு கட்டம். திறந்த கடிதத்துக்குப் பச்சைப் புள்ளி, திறக்காததற்கு வெறும் கட்டம். இது பன்னிரண்டாவது கடிதம்.

நர்ஸின் வரிசையைத் தேடினார். பதினோரு பச்சைப் புள்ளிகள். ஐஸ் கட்டுவது, கதவு ரப்பர், ஸ்டெபிலைசர், எதையும் அவள் விட்டுவைத்திருக்கவில்லை. பன்னிரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

பிறகு, தேட வேண்டும் என்று நினைக்காமலே, மச்சினன் முதல் மாதமே பட்டியலில் சேர்த்திருந்த மனைவியின் பெயரைத் தேடினார். ஒவ்வொரு மாதமும் கடிதம் போய்ச் சேர்ந்ததும், "இந்தத் தடவை எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்பார். "ரொம்பத் தெளிவா இருக்கு" என்பாள். அவளுடைய வரிசையில் முதல் பதினோரு கட்டங்களும் காலி. பன்னிரண்டாவதில் மட்டும் ஒரு பச்சைப் புள்ளி. காலை ஒன்பது மணி நான்கு நிமிஷம்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "கடைக்கு நல்லது நடக்கணும்னுதான்" என்று அவளே ஆரம்பித்தாள்.

"இந்த மாசக் கடிதம் எப்படி இருந்துச்சு?" என்றார் அவர்.

"ரொம்பத் தெளிவா இருந்துச்சே."

அவர் டீயைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. சூடாக இல்லை என்று எப்போதும் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை.

மறுநாள் காலை மச்சினன் கடைக்கு வந்தபோது, பலகையில் ஐந்து கொக்கிகள் காலியாக இருந்தன. அவனும் யோசித்துத்தான் வந்திருந்தான்.

"சரி பண்ணிடலாம் மாமா. இன்னொரு கடிதம் விடுவோம். தலைப்பு, 'மன்னியுங்கள், நேற்று நான் சொன்னது பொய்'. அறுபது சதவீதம் பேர் திறப்பான். உள்ளே எல்லாத்தையும் விளக்கிடலாம்."

"மறுபடியும் உள்ளேயா?"

கூலிங்காரர் ஒரு தாளை நகர்த்தினார். அதில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: *நேற்றைய தலைப்பு தவறு, வருந்துகிறேன்; சாவி திரும்ப வேண்டுமென்றால் நானே கொண்டுவந்து தருகிறேன்.*

"இதுதான் தலைப்பு. உள்ளே ஒண்ணும் கிடையாது. அனுப்பு."

"உள்ளே ஒண்ணும் இல்லைன்னா எவன் திறப்பான்?"

"திறக்க வேண்டாம்."

மச்சினன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்து அனுப்பினான். இந்த முறை ஒரே தலைப்புதான், எல்லோருக்கும். பத்து நிமிஷம் இருவரும் திரையைப் பார்த்தார்கள். ஏழு பேர்தான் திறந்தார்கள். "பாத்தீங்களா?" என்று அவன் வாயெடுத்தபோது மேஜையில் போன் அடித்தது. இரண்டாவது தெருக்காரர். சாவி வேண்டுமாம், சாயங்காலம் கொண்டுவந்தால் போதுமாம். கூலிங்காரர் "ஆகட்டும்" என்று சொல்லி ஆறாவது சாவியைக் கழற்றினார். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மச்சினன் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, கடைச் சாவியைக் கொஞ்சம் கொடுங்களேன். கோச்சுக்காதீங்க."

எப்போதும் 'நீ' என்று கூப்பிடுகிறவர். அந்த 'ங்க' கேட்டதும் மச்சினனின் காது சிவந்தது.

"மாமா, நான் உள்ளுக்குள்ளே என்ன நினைச்சுப் பண்ணேன்னு கேளுங்க. உங்க நல்லதுக்குத்தான்..."

"தெரியும். நர்ஸும் உள்ளே என்ன இருக்குன்னு முழுசாப் படிச்சாங்க. சிரிச்சாங்ககூட. படிச்சுட்டுத்தான் வாங்கிட்டுப் போனாங்க."

மச்சினன் வளையத்தை எடுத்துச் சாவியைக் கழற்றப் பார்த்தான். அது புது வளையம், நகத்துக்கு மசியவில்லை. இரண்டு முறை வழுக்கிவிட்டது. கூலிங்காரர் சின்ன ஸ்குரூடிரைவரை எடுத்து வந்தார்.

"அப்படி இழுக்கக் கூடாது. நுனியை இப்படிச் செருகித் திருப்பணும். இடைவெளி விழுதா? இப்ப சாவியை அதுல ஏத்தி ஒரு சுத்து விடுங்க. தானா வந்துடும்."

வந்துவிட்டது.