போனேன், போவேன்

இத்தாலிய மொழி மாலை வகுப்பில் அக்கா வாயைத் திறந்தாலே தப்புத்தான் வரும். அன்று சொன்னதும் தப்பாகத்தான் இருக்கும் என்று அகராதி நினைத்தாள். எதையும் இரண்டு தரம் சரிபார்க்காமல் எழுதாத தங்கைக்கு அக்கா வைத்த பெயர் அது.

ஒரு தடவை போயிருந்தால் ‘சோனோ அந்தாதா’. வழக்கமாகப் போய்க்கொண்டிருந்தால் ‘அந்தாவோ’. அதுதான் அன்றைய பாடம். ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார் ஆசிரியை. அக்கா எழுந்து, “அந்தாவோ தா பப்பா” என்றாள். அப்பாவிடம் போய்க்கொண்டிருந்தேன்.

அகராதியின் பேனா நின்றது. அப்பா வேறொருத்தியோடு போனபின், அவர் வாசலை மிதிப்பதில்லை என்று இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். ஒருநாள் அக்கா, “அப்பாவைப் பாக்கப் போனேன்டி” என்று அழுதாள். ஒரு தடவைதானே என்று இவளும் விட்டுவிட்டாள். ஆனால் அவர் போன் செய்தால் இவள் எடுப்பதில்லை.

“அக்கா, ஒரு தடவைன்னா சோனோ அந்தாதா” என்று கிசுகிசுத்தாள்.

“வந்துட்டா வாத்தியாரம்மா!” என்றாள் அக்கா.

பின் வரிசை சிரித்தது. “ஒரு தடவையா, வழக்கமாவா?” என்றார் ஆசிரியை.

அக்கா தங்கையைப் பார்க்காமல், “சரியாத்தான் சொன்னேன் மேடம்” என்றாள்.

“பிரமாதம்! இன்னைக்குத்தான் தப்பே இல்லை.”

படியிறங்கும்போது அகராதி கேட்டாள். “அன்னைக்குப் போனேன்னுதானேக்கா சொன்னே?”

“போனேன்னுதான் சொன்னேன். எத்தனை தடவைன்னு நீ கேட்டியா?”

கேட்கவில்லைதான். ‘போனேன்’ என்ற சொல்லுக்குள் ஒரு தடவையும் அடங்கும், நூறு தடவையும் அடங்கும். தப்பு தன்னுடையதோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

“எப்போ போவே?”

“ஞாயித்துக்கிழமை.”

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி என்றுதான் இவள் நினைத்திருந்தாள். விடியும் முன் எழுந்து அவளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது இவள்தான்.

“அப்போ அந்த டப்பா?”

“ரெண்டு பேரும் சாப்பிடுவோம்.” அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நீ சமைச்சதுன்னா அப்பா ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டாரு.”

சாப்பிடுவோம். வைக்கமாட்டாரு. வழக்கமாய் நடந்து முடிந்த கதையையும் இப்படிச் சொல்லலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமையையும் இப்படித்தான் சொல்ல வேண்டும். எந்தக் காலம் என்று இந்தத் தடவை அகராதி கேட்டுவிட்டாள்.

“இன்னும் போறியா?”

பஸ் வந்ததும் அக்கா எப்போதும்போல் முதலில் ஏறி, ஜன்னலோரத்தில் தங்கைக்கு இடம் பிடித்து வைத்தாள். அகராதி அவளைத் தாண்டிப் போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டாள்.