எலுமிச்சைச் சுருளில் கொஞ்சம் உப்பு

திருச்சி கண்டோன்மென்டில் இருக்கும் அந்த ஓட்டலின் மொட்டைமாடியை யாரும் மொட்டைமாடி என்று சொல்லக்கூடாது. ‘ரூஃப்டாப் லவுஞ்ச்.’ அங்கே காக்டெய்ல் கலக்கும் ஆஸ்டினையும் பார்மேன் என்று கூப்பிடக்கூடாது. ‘பானக் கலைஞர்’ என்று சட்டையில் ஒரு தகடு குத்தியிருந்தான். ஓட்டல் கொடுத்ததில்லை, சொந்தமாக அடித்துக்கொண்டது. பெங்களூரில் ஒரு குட்டிப் படிப்பு படித்துவிட்டு, ஞானஸ்நானமே இத்தாலியில் நடந்தது மாதிரி பேசுவான்.

முதலாளி நவநீதன் ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் பெருமாளைச் சேவிக்காமல் கல்லாவில் உட்காரமாட்டார். ஒரு சொட்டு குடிக்கவும் மாட்டார். மாடியிலிருந்து காவிரிக்கு அந்தப் பக்கம் ராஜகோபுரம் தெரியும் என்பதால், பார் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு மூங்கில் தட்டி கட்டியிருந்தார். கோபுரத்திலிருந்து பார் தெரியக்கூடாது என்றா, பாரிலிருந்து கோபுரம் தெரியக்கூடாது என்றா என்பது அவருக்கும் பெருமாளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

ஆஸ்டினுக்கு வேண்டியது ஒன்றுதான்: பார் மேனேஜர் பதவி. அதற்கும் வழி திறந்தது.

“மும்பையிலேருந்து கன்சல்டன்ட் வர்றார், ஆஸ்டின். வளவன்னு பேரு. அவர் ருசி பாத்து சரின்னுட்டா நீதான் மேனேஜர். இல்லேன்னா அங்கேருந்தே ஒருத்தர அனுப்புறேங்கறார்.”

“கவலையே படாதீங்க சார். சரக்க யாரு வேணா ஊத்தலாம். கார்னிஷ்லதான் ஆர்டிஸ்ட் தெரிவான்.”

கார்னிஷ் என்பது கிளாஸின் விளிம்பில் தொங்கும் அலங்காரம். ஆஸ்டின் ஒரு முழு எலுமிச்சம்பழத்தை எங்கேயும் அறுந்துவிடாமல் ஒரே சுருளாக, ஸ்பிரிங் மாதிரி அரிவான். ‘சிசிலியன் ஸ்பைரல்’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தான். அதை உலர்த்த, வீட்டில் வெளிநாட்டு இயந்திரம் இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தான். “மெதுவான சூடு சார், மெதுவான காத்து.” அந்த இயந்திரம், எடமலைப்பட்டி புதூரில் அவன் வீட்டு மாடி. பழைய வேட்டி ஒன்றை விரித்தால் போதும். திருச்சி வெயிலுக்கு சுவிட்சுகூடத் தேவையில்லை.

கன்சல்டன்ட் வரும் நாளன்று, அம்மா லூர்துராணி எடுத்துக் கட்டிக்கொடுத்த டப்பாவை ஆஸ்டின் பாரில் வைத்துத் திறந்தான். மொறுமொறுவென்று இருக்க வேண்டிய சுருள்கள் துவண்டு, பளபளவென்று கிடந்தன. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தான். அடுத்த நொடி போன் காதுக்குப் போனது.

“அம்மா! சுருள என்ன பண்ணுன?”

“என்ன பண்ணுனேன்? நீ உப்பு போட மறந்துட்டு அப்படியே காயவச்சிருந்த. நான் போட்டேன்.”

“மறக்கலம்மா! அதுக்கு உப்பே கிடையாது!”

“நார்த்தங்கா மாதிரி சுருளா அரிஞ்சு வெயில்ல வச்சிட்டு உப்பு கிடையாதுங்கற? வடகத்துக்கே உப்பு உண்டுடா. கல்லுப்பு, மடிப்பு மடிப்பா அடைச்சிருக்கேன். எறும்பு வராது.”

“இது ஊறுகா இல்லம்மா, அலங்காரம்!”

“அலங்காரம்னா மாதா தேருக்குப் பண்ணு. திங்கிற பொருள்ல என்னடா அலங்காரம்?”

போனை வைத்தாள். வேறு பழம் அரியலாமென்றால் லிஃப்ட் கதவு திறந்தேவிட்டது. ஆஸ்டின் வேளாங்கண்ணி மாதாவை நினைத்துக்கொண்டு ஒரு சுருளை உதறி கிளாஸின் விளிம்பில் மாட்டினான்.

வளவன் கசங்கிய லினன் சட்டையில் வந்தார். கசங்கியிருந்தால்தான் விலை அதிகம் போல. கிளாஸை மூக்கிடம் கொண்டுபோனார், தள்ளினார், திரும்பக் கொண்டுபோனார். ஒரு மடக்கு. பிறகு சுருளைக் கடித்தார். கண்ணை மூடினார், திறக்கவே இல்லை. மும்பையிலிருந்து வரப்போகும் மேனேஜரின் முகம்கூட ஆஸ்டினுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

“கடல்,” என்றார் வளவன்.

“சார்?”

“கடல் தெரியுது. சிசிலியோட பாறை. அதுல மோதுற காத்து.”

நவநீதன் அவசரமாக டப்பாவிலிருந்து ஒரு சுருளை எடுத்து வாயில் போட்டார். “ஆமா, எனக்கும் லேசா அலை அடிக்குது.”

“இந்த மினரல் டோன் எப்படி வந்துச்சு?”

“அது ப்ராசஸ் சார்,” என்றான் ஆஸ்டின்.

வளவன் இன்னொரு சுருள் கேட்டார். பிறகு இன்னொன்று. கிளாஸில் இருந்தது அப்படியே இருந்தது. “முடிவை யோசிச்சுதான் சொல்லணும்,” என்று மட்டும் சொன்னார். அதற்குள் போன் வந்து நவநீதன் தட்டிக்கு அந்தப் பக்கம் போனார். உடனே வளவன் பாரின் மேல் சாய்ந்தார். மும்பை மொத்தமும் குரலிலிருந்து இறங்கிப்போயிருந்தது.

“தம்பி, எனக்கு லால்குடிதான். இந்த வேலைக்கு வந்ததுலேருந்து போற எடமெல்லாம் நுரையும் தோலுமா குடுத்துக் கொல்றாங்க. இத வாயில வச்சதும் நாக்கு வேற ஒண்ணக் கேக்குது. கொஞ்சம் தயிர்சாதம் கிடைக்குமா? அவருக்குத் தெரிய வேணாம்.”

ஆஸ்டின் பின்படியில் ஸ்டாஃப் மெஸ்ஸுக்கு ஓடினான். தட்டில் கொண்டுவந்தால் மாட்டிக்கொள்வோம் என்று, நீளக் காம்பு வைத்த காக்டெய்ல் கிளாஸில் குழைத்து நிரப்பினான். பழக்க தோஷம், விளிம்பில் ஒரு சுருளையும் மாட்டினான். வளவன் பாதி கிளாஸைக் காலி செய்திருந்தபோது நவநீதன் திரும்பி வந்துவிட்டார்.

“இது என்ன சார்? மெனுவுல இல்லையே!”

வளவனின் வாய் நிறைய சாதம். ஆஸ்டின் சட்டையிலிருந்த தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். மென்று விழுங்கிய வளவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மும்பை திரும்பிவிட்டது.

“கல்ச்சர்டு ஒயிட். ஆல்கஹால் இல்லாத காக்டெய்ல். உலகம் இப்ப இங்கதான் போயிட்டிருக்கு. இவர விட்டுடாதீங்க நவநீதன், இவர்தான் உங்க மேனேஜர்.”

ஆஸ்டினுக்குக் காதில் மாதா கோயில் மணி அடித்தது. நவநீதன் ஒரு ஸ்பூன் எடுத்து, கண்ணை மூடி, கன்சல்டன்டைப் போலவே நிதானமாக மென்றார். சுருளையும் ஒரு கடி கடித்துக்கொண்டார்.

“மேனேஜர் போஸ்ட் உனக்குத்தான் ஆஸ்டின், சந்தேகமே இல்ல,” என்றார். “ஆனா அடுத்த தடவ கடுகு, பெருங்காயம் போட்டுத் தாளிச்சுடு. வெறும் தயிர்சாதத்த விருந்தாளிக்கு வைக்கறதா?”