எட்டு ஸ்டுடியோவுக்கும் திரை

வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதை ஒன்றும் இல்லை. கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருஷத்தில் ஒருமுறை கவிழ்ந்து, தனக்குக் கீழே படித்த பிள்ளைகளோடு மறுபடியும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? ஒருநாள் பாடம் நடத்த வந்த பேராசிரியரே வாய் தவறி, "அக்கா, அந்த லைட்டப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். லைட்டையும் போட்டாள்.

இந்த முறையும் கவிழ்ந்தால் மூன்றாவது வாய்ப்பு கிடையாது. கல்லூரி விதி அப்படி. பட்டம் இல்லை, வேலை இல்லை. வீட்டில் இருக்கிற அத்தனை வாய்க்கும் ஆயுள் முழுக்க மெல்லுவதற்கு இவள் ஒரு பொருளாகிவிடுவாள். அந்த பயம் அவளுக்குச் சாப்பாட்டில் இருந்தது, தூக்கத்தில் இருந்தது, பல் தேய்க்கும்போதுகூட இருந்தது.

கடைசி வருஷ புராஜெக்டுக்கு அவள் எடுத்துக்கொண்ட கட்டடம் இது: ஓவியர்களும் சிற்பிகளும் வேலை செய்ய எட்டு ஸ்டுடியோக்கள், நடுவில் அவர்கள் செய்ததை வைத்துக் காட்ட ஒரு காட்சிக்கூடம். முதலில் அவள் ஸ்டுடியோக்களுக்கும் கூடத்துக்கும் நடுவே சாதாரணச் சுவர்தான் வரைந்திருந்தாள். அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியரான கைடு சிவப்புப் பேனாவை எடுத்து எட்டுச் சுவரையும் அடித்தார்.

"இங்க கண்ணாடி போடும்மா. வர்றவங்க நடந்துக்கிட்டே ஓவியர் வேலை செய்யறதப் பாக்கணும். பாக்கறவன், படைக்கறவன், நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது. அதான் கான்செப்ட்."

கைடுக்குக் கண்ணாடிப் பைத்தியம் உண்டு. பள்ளிக்கூடம் வரைந்து கொண்டுபோனாலும் கண்ணாடி, சவக்கிடங்கு வரைந்து கொண்டுபோனாலும் கண்ணாடி. அவருடைய சொந்த வீட்டுக் குளியலறையைப் பற்றி மாணவர்களிடையே ஒரு வதந்தி உலவியது; அதை இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் அவர் கையெழுத்துப் போடாத வரைபடத்தோடு யாரும் இறுதித் தேர்வு நடத்தும் ஜூரி முன்னால் போய் நிற்க முடியாது. அதனால் அவள் எட்டுச் சுவரையும் அழித்துவிட்டு எட்டுக் கண்ணாடி வரைந்தாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவள் அம்மிகூட இல்லை, ஒரே அடிக்கு நகர்ந்துவிட்டாள். கொஞ்ச நாளில் அந்தக் கண்ணாடி தன்னுடைய யோசனைதான் என்று நம்பவும் ஆரம்பித்தாள். கைடு மகிழ்ந்துபோய் எல்லா வரைபட ஷீட்டிலும் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் இருந்தது மாடல், அட்டையில் செய்யும் குட்டிக் கட்டடம். அதை வீட்டில்தான் செய்தாக வேண்டும். வீட்டில் இருந்தவை ஒரு கூடம், ஒரு சமையலறை, இரண்டு அறைகள். ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. அவர் ஓவியர். ஆளுயரத்துக்குப் படம் வரைவார். எப்போதாவது ஒன்று விற்கும். வரையும்போது உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டுக்குக்கூடக் கதவு ஒரு சாண்தான் திறக்கும். ஆக, இவளுக்குக் கிடைத்த இடம் கூடத்தில் இருந்த சாப்பாட்டு மேஜை. குடும்பம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கியது.

மேஜை நிறைய ஃபோம் போர்டு அட்டையும் கட்டரும் பசையும் பரப்பிக்கொண்டு அவள் வேலையை ஆரம்பித்ததுதான் தாமதம், வீட்டில் யாருக்கும் வேறு ஜோலி இல்லாமல் போயிற்று.

முதலில் அப்பா வந்தார். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, பேப்பரைப் பார்க்காமல் நின்றார்.

"அந்தத் தூண் கோணலா இருக்கே."

"அது அப்படித்தான் டிசைன்ப்பா."

"காசு வாங்கிட்டு கோணலாவா கட்டிக் குடுப்பீங்க?"

அவர் போனதும் அம்மா. அம்மா தூணைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். "இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு கூன் விழுந்துரும்டி. நிமிந்து ஒட்டு." நிமிர்ந்து ஒட்டியபோது தூண் நிஜமாகவே கோணலாகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா எதையோ இரவல் கேட்க வந்தவள், கேட்க வந்ததை மறந்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். "இது என்னா, கோழிப் பண்ணையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "எங்க வீட்டுக்காரரோட தம்பியும் கோழிப் பண்ணை வச்சிருந்தாரு, எல்லாம் செத்துப்போச்சு" என்றாள்.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவர் மாமா. தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, டீ டம்ளரோடு வெளியே வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். பேசமாட்டார். டீயை உறிஞ்சுவார். அவள் கட்டரை ஃபோம் போர்டில் வைத்து இழுக்கப்போகும் அந்தக் கணத்தில், "ம்ஹும்" என்பார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல, நீ பண்ணு."

அவள் மறுபடி கட்டரை வைப்பாள். மறுபடி "ம்ஹும்". இப்படியே அவர் டீ குடித்து முடித்து, இன்னொரு டீ வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டாவது டீ பாதியாகும்போது அவளுடைய கட்டர் வழுக்கி, காட்சிக்கூடத்தின் கூரை குறுக்கே கிழிந்தது. மூன்று நாள் வேலை. மறுநாள் ஜூரி.

அவள் கட்டரைக் கீழே வைத்தாள். வைத்தது நல்லதாகப் போயிற்று.

"எல்லாரும் தயவுசெஞ்சு உள்ள போறீங்களா? ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா மனுஷி எப்படி வேலை செய்யறது? மாமா, நீங்க உங்க ரூம் கதவத் தொறந்து வச்சுட்டு ஒரு படம் வரைவீங்களா? நான் பின்னால நின்னு ம்ஹும் ம்ஹும்னு சொல்றேன், வரைவீங்களா?"

மாமா கொஞ்சமும் வெட்கப்படாமல் யோசித்தார். "அது வேற" என்றார்.

"என்ன வேற?"

"நான் வரையறது ஒரு கட்டம் வரைக்கும் அசிங்கமா இருக்கும். அப்ப எவனாவது பாத்தான்னா அதோட அந்தப் படம் செத்துரும். யாரும் பாக்கலன்னாதான் தைரியமா தப்புப் பண்ண முடியும். உனக்கென்ன, வெறும் அட்டைதானே."

சொல்லிவிட்டு டம்ளரை அவளுடைய கட்டடத்தின் வாசல் புல்வெளி மேலேயே வைத்துவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

அவள் டம்ளரை எடுத்துவிட்டு மாடலைப் பார்த்தாள். எட்டு ஸ்டுடியோ. எட்டுக்கும் பளபளவென்று அக்ரிலிக் கண்ணாடி. காட்சிக்கூடத்துக்கு வருபவர்கள் என்று அவள் ஒட்டியிருந்த குட்டிக் குட்டி வெள்ளை மனிதர்கள் வரிசையாக நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் அப்பா மாதிரி நின்றான். இன்னொருத்தி பக்கத்து வீட்டு அம்மாவேதான். எட்டு ஓவியர்களும் எட்டுக் கண்ணாடிக்குப் பின்னால், ஆயுள் முழுக்க, எவனோ ஒருவன் ம்ஹும் என்பதைக் கேட்டுக்கொண்டே வரைய வேண்டும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறார்கள். அவள் கட்டியது எலிகளை வைத்து வேடிக்கை காட்டும் கூண்டு. ஒரே வீட்டில் ஓர் ஓவியரை வைத்துக்கொண்டு, ஒரு தடவையாவது அந்தத் தாழ்ப்பாள் எதற்கு என்று அவள் யோசித்ததில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கிழிந்த கூரைக்காக இல்லை.

சுவர் வைக்கலாம்தான். ஆனால் கையெழுத்துப் போட்ட ஷீட்டுகளில் இருப்பது கண்ணாடி. மாடல் வேறு, ஷீட் வேறு என்றால் கைடு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். திரைச்சீலை என்றால் அது கட்டடத்தில் சேர்த்தி இல்லை, மேஜை நாற்காலி மாதிரி ஒரு சாமான். கோழைக்குக் கிடைத்த சந்து அது. அம்மாவின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த லைனிங் துணியை விரல் நீளத்துக்கு வெட்டி, எட்டு ஸ்டுடியோவுக்கும் உள்பக்கம் எட்டுத் திரை ஒட்டினாள். கிழிந்த கூரையையும் ஒருவாறு ஒட்டினாள். முடித்தபோது விடிந்திருந்தது. யாரும் பார்க்காததால் அது நன்றாகவே வந்தது.

ஜூரி அறையில், தேர்வாளர் வருவதற்கு முன்னால் கைடு வந்து மாடலைப் பார்த்தார். குனிந்தார். முகம் கடுத்தது.

"என்னது இது?"

"கர்ட்டன் சார்."

"எடுத்துரு. ஒரு வருஷமா நான் சொல்லிக் குடுத்ததே அந்தக் கண்ணாடிதான். எடும்மா, அவங்க வர்றாங்க."

"பசை காஞ்சிருச்சு சார். இழுத்தா எல்லாமே வந்துரும்."

பசை காயவே இல்லை. அதற்குள் எக்ஸ்டர்னல் மேடம் உள்ளே வந்துவிட்டார். வெளியூரிலிருந்து தேர்வுக்காக அழைக்கப்பட்டவர். நரைத்த குட்டை முடி, கையில் மூடி கழற்றிய பேனா. கூடவே வேடிக்கை பார்க்க வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும்.

அவள் பேச ஆரம்பித்தாள். சூரிய வெளிச்சம் எந்தப் பக்கம், களிமண் எங்கே இறக்குவது, பெரிய படத்தை வெளியே எடுக்க எந்தக் கதவு. மேடம் கேட்டாரோ இல்லையோ, குனிந்து ஒரு ஸ்டுடியோவுக்குள் எட்டிப் பார்த்தார். திரை மறைத்தது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தார். அங்கேயும் திரை. ஒரு பையன் பின்பக்கமாகக் குனிந்தான். இன்னொருத்தி மண்டி போட்டாள். கடைசியில் கைடே கழுத்தை வளைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காட்சிக்கூடத்தை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

"உள்ள என்ன வச்சிருக்க?" என்றார் மேடம்.

"ஒண்ணும் இல்ல மேடம். ஒரு ஸ்டூல்தான். வேலை முடியற வரைக்கும் யாரும் பாக்கக்கூடாதுன்னு கர்ட்டன் போட்டேன்."

மேடம் நிமிர்ந்தார். "திரை போட்டு மூடறதுக்கு எதுக்குக் கண்ணாடி? செவுரே வச்சிருக்கலாமே."

இந்தக் கேள்விக்கு அவள் தயாராகவே இல்லை. பொய் ஒன்றிரண்டு நாக்கு நுனிவரை வந்தது. காற்று, வெளிச்சம், நெகிழ்வுத்தன்மை என்று இந்தப் படிப்பில் எதற்கும் பொருந்துகிற பொய்கள். கைடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

"செவுரு வச்சிருந்தா சார் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரு மேடம். எனக்கும் அப்ப செவுருதான் சரின்னு தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வைக்க பயமா இருந்துச்சு."

கைடு தன் ஷூவை ஆராய்ந்தார். மேடம் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, அவசரத்துக்கு என்று அவள் கொண்டுவந்திருந்த கட்டரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப வை."

"இங்கயா?"

"இங்கதான். அட்டை இருக்கு, பசை இருக்கு. காயாத பசையும் இருக்கு" என்று திரையின் ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினார். அது சுலபமாக எழுந்து வந்தது.

அவள் கட்டரை வாங்கினாள். ஃபோம் போர்டை எடுத்து அளவுகோலை வைத்தாள். வகுப்பு முழுக்க மேஜையைச் சுற்றி நெருங்கியது. மேடம் குனிந்தார். கைடு கையைக் கட்டிக்கொண்டு தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் கோடு வளைந்தது. இரண்டாவது கோட்டுக்குக் கட்டரை வைத்தபோது பின்னால் கைடு தொண்டையைச் செருமினார்.

அவள் கட்டரை எடுத்துவிட்டாள்.

"மேடம், எல்லாரும் கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?"

தேர்வு வைக்க வந்தவர்களை, தேர்வு எழுதுபவள் அறையை விட்டு வெளியே போகச் சொன்னது அந்தக் கல்லூரியில் அதுவே முதல் தடவையாக இருக்கும். மேடம் திரும்பி, "வாங்க, டீ குடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வெளியே நடந்தார். மற்றவர்கள் ஆட்டு மந்தை மாதிரி பின்னால் போனார்கள். கதவைச் சாத்திய பிறகு, அதன் நடுவில் இருந்த சின்னக் கண்ணாடியில் கைடின் முகம் தெரிந்தது. அவள் கையில் கிடைத்த ஷீட்டை எடுத்து அந்தக் கண்ணாடி மேல் டேப் போட்டு ஒட்டினாள்.

பிறகு வேலை செய்தாள். இரண்டு சுவரைத் தப்பாக வெட்டினாள், தூக்கிப் போட்டாள், தன்னைத் தானே திட்டிக்கொண்டாள், மறுபடி வெட்டினாள். அந்த வருஷம் முழுவதிலும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

கதவைத் திறந்தபோது எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மேடம் மாடலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஆறுக்குத்தான் செவுரு வச்சிருக்க. இந்த ரெண்டுக்கு ஏன் கண்ணாடிய விட்டுட்ட?"

"சில பேருக்கு நாலு பேர் பாத்தாத்தான் வேலையே ஓடும் மேடம். எங்க கிளாஸ்லயே இருக்காங்க. அவங்களுக்கு அந்த ரெண்டு." வகுப்பில் இருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். கைடு மட்டும் அந்த இரண்டு கண்ணாடியையும் காணாமல் போன பிள்ளைகளைக் கண்டுபிடித்த தகப்பன் மாதிரி பார்த்தார்.

மேடம் மார்க் போட்டார். என்ன மார்க் என்று காட்டவில்லை. பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அடுத்த வருஷம் நான் இங்க வரும்போது உன்னைப் பாக்கக்கூடாது, எங்கயாவது வேலையில இருக்கணும். புரியுதா?"

புரிந்தது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஓவென்று அழுதாள்.