மார்வா தொட்ட மரக்கால்

மார்வா மரக்காலைக் கட்டும் துணியோடு வந்ததும், லாரி விளிம்பில் உட்கார்ந்திருந்த ஷெனீல் காலை இழுத்துக்கொண்டாள்.

"நானே கட்டிக்கறேன்."

"மரக்கால்ல ஏறி மோக்கோ ஜம்பி ஆடுறவ எவளாவது தன் காலைத் தானே கட்டுவாளாடி? குனிஞ்சா வேஷத்து இறக்கைக் கம்பி மூஞ்சியக் கிழிக்கும்!"

"என் மூஞ்சி. உனக்கென்ன?"

போன வருஷம் வரை ஆட்டக் குழுவில் ராணி வேடம் மார்வாவுக்குத்தான். இந்தக் கார்னிவலுக்கு அந்த வேடத்தைத் தலைவர் ஷெனீலிடம் கொடுத்துவிட்டார். இன்று சவானா மைதானத்து மேடையை விழாமல் கடந்தால் ராணிப் போட்டியின் இறுதிச் சுற்று. விழுந்தால் வேடம் மறுபடி மார்வாவுக்கே.

அப்படிப்பட்டவள் காலையில் லாரிக்குப் பின்னால் ஷெனீலின் மரக்கால்களைத் தலைகீழாக மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "தூசி தட்டினேன்" என்றாள். மரக்காலுக்கு அடியில் யார் தூசி தட்டுவார்கள்? ஷெனீல் மரத்தை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். வெட்டு எதுவும் இல்லை. மனசுதான் ஆறவில்லை. அவிழ்ந்துவிடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுத்துணியை இறுக்கினாள்.

மேளம் அதிர, பாதி மேடை கடந்ததும் ஷெனீலுக்கு இடது காலில் உணர்ச்சியே இல்லை. இறுக்கிய கட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டது. நிற்கவும் முடியாது, மரக்காலில் நின்றால் சாய வேண்டியதுதான். தோழி வேடத்தில் பின்னால் வந்த மார்வா தன் மரக்கால்களை எட்டிப் போட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"தோள்ல கை வை."

"தள்ளிப் போடி!"

"அப்ப விழு. கூட்டம் நல்லா கைதட்டும்."

வேறு வழியில்லை. ஷெனீல் கை வைத்தாள். இருவரும் ஒரே தாளத்தில் ஆடுவதுபோல் நடந்தார்கள். திடீரென மார்வாவின் கால் வழுக்கி, சமாளித்தது. ஷெனீல் கீழே பார்த்தாள். மார்வாவின் மரக்கால்களுக்கு அடியில், வழுக்காமலிருக்க மாட்டும் ரப்பரே இல்லை, வெறும் கட்டை. தன்னுடையதில் புது ரப்பர்; வெட்டைத் தேடிய கண்ணில் காலையில் அது படவில்லை.

"உன் ரப்பரையா எனக்கு மாட்டின?"

"உன்னுது தேஞ்சு கிடந்துச்சு. மேடைக்கு வேற புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கானுங்க."

"சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தொட விட்டிருப்பியா? நீ விழுந்து வேஷம் எனக்கு வந்தா, ஊரே என்னைத்தான் கைகாட்டும். எனக்கு அந்தப் பேர் வேணாம். வேஷத்தை அடுத்த வருஷம் ஆடிப் பிடுங்கிக்கறேன்."

மேடையின் மறுமுனை வந்தது. காத்திருந்த லாரி விளிம்பில் ஷெனீல் பொத்தென்று உட்கார்ந்து, இடது காலை மார்வா பக்கம் நீட்டினாள்.

"சீக்கிரம் அவிழுடி, உயிர் போகுது. ஆனா உன் கையை நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."