கோட்டாற்று மெழுகு

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று மூன்றில், மார்த்தாண்டத்தை அடுத்த ராஜையனின் தோட்டத்தில் தேனடைகள் செத்தவர்களின் குரலில் பேசத் தொடங்கின. நல்லமிளகு விலை இறங்கியதும் அந்த வருஷம்தான். ஊர் விலையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டது.

மெழுகைத் தாளாக அச்சில் வார்த்து, சட்டத்தில் ஒட்டித் தேனீப் பெட்டிக்குள் இறக்கி, சீனிப்பாகும் ஊட்டினால் ஈக்கள் அதன்மேல் புது அடை கட்டும், கூட்டம் பெருகும். மெழுகு தேடிக் கோட்டாறு போன ராஜையன், கத்தோலிக்கக் கல்லறைகளில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை, பேரம் பேசிச் சாக்கு நிறைய வாங்கி வந்தான். விலை குறைந்த சரக்குக்கு யாரும் பூர்வீகம் விசாரிப்பதில்லை.

யாருக்காக எரிந்த மெழுகோ, அவர் குரல் அடையில் ஏறியது. ஒரு பெட்டியில் கோட்டாற்று ஜவுளிக்காரர் மருமகனை வைதார். இன்னொன்றில் ஒரு கிழவி வெற்றிலை கேட்டாள். சொந்தக்காரர்கள் வண்டி கட்டி வந்து, பெட்டியில் காது வைத்து அழுதுவிட்டு, ஆளுக்கொரு குப்பி தேன் வாங்கிப் போனார்கள். மருமகன் மட்டும் வாங்கவில்லை.

ராஜையனின் மனைவி சத்தியபாய்க்கு இது நெஞ்சில் முள். மகள் ஜெபகுமாரி முந்தின வருஷம் வாந்திபேதியில் போயிருந்தாள். அவர்கள் புராட்டஸ்டண்டு மிஷன் சபைக்காரர்கள். கல்லறையில் மெழுகுவர்த்தி கூடாது. ஊரார் வீட்டில் செத்தவர்களெல்லாம் தன் தோட்டத்தில் வாயடிக்க, தன் பிள்ளை மட்டும் ஊமையாய்க் கிடந்தாள்.

“ஏட்டி, ஒரு திரி கொளுத்தினா சபைய விட்டுத் தள்ளிருவாவ,” என்றான் ராஜையன்.

“தள்ளட்டும். அவியளுக்குப் பாட்டுக் கேட்டாப் போதும். எனக்கு எம் பிள்ளை கேக்கணும்.”

கொளுத்தினாள். தள்ளினார்கள். மிஞ்சியதை உருக்கி ஒரே ஒரு தாள் வார்த்து, இளங்கூட்டம் ஒன்றில் வைத்தாள். ஈக்கள் முகம் திருப்பியபோதெல்லாம் வீட்டுச் சீனி முழுவதையும் பாகாக்கி ஊட்டினாள். முருக்கு பூத்த மாதம் அடை வெள்ளையாய் எழுந்தது. சத்தியபாய் காதை வைத்தாள்.

“அம்மா, தண்ணி.”

அவ்வளவுதான், திரும்பத் திரும்ப. வாந்திபேதிக்குத் தண்ணீர் கொடுத்தால் உயிர் போகும் என்பது அன்றைய வைத்தியம். பிள்ளை கேட்கக் கேட்கச் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் சத்தியபாய்தான்.

“அறுத்துப் போட்டிரட்டா?” என்றான் ராஜையன்.

“அறுத்தா தாகம் போயிருமா?”

சிரட்டையில் தண்ணீர் வைத்தாள். ஈக்கள் குடித்தன, குரல் ஓயவில்லை. குடத்தில் வைத்தாள், அதுவும் வற்றியது. சில வருஷங்களில் சபை அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஞாயிறு ஆராதனையின் நடுவே அவள் எழுந்து போவாள். பிள்ளைக்குத் தண்ணி வைக்கப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் வாசல் தாண்டும்வரை நிறுத்தி, உபதேசியார் ஜெபத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.